நாளைக்கு நடக்கப் போகிறேன்: காவிரிக் கரையிலிருந்து ஸ்பானிஷ்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். ஸ்பானிஷ் எங்கே, தஞ்சாவூர் எங்கே, நடுவில் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கருத்து. புதிய மொழியைப் பேச விரும்புகிறவர் முதலில் கைக்கொள்ள வேண்டியவை, நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லும் சாதாரண வாக்கியங்கள். அதிலும் நாளைக் காலை நடப்பது, ஓடுவது, கூட ஒருவரை அழைப்பது, கால் வலித்தால் நின்றுவிடுவது ஆகியவற்றைச் சொல்லும் வாக்கியங்கள் மிகவும் உகந்தவை. ஏனென்றால் அப்படிப்பட்ட திட்டம் எதுவும் போட்டபடி நடப்பதில்லை. நேரம் தள்ளிப்போகும், வருவதாகச் சொன்னவர் வரமாட்டார், மழை பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நேற்றுச் சொன்ன வாக்கியத்தை இன்று மாற்றித்தான் சொல்லியாக வேண்டும். அப்படி மாற்றிச் சொல்லும் பழக்கத்தில்தான் மொழி கைக்கு வருகிறது என்பது என் வாதம். அதற்கான சான்றுகளில் பாதி நம் டெல்டாவிலேயே கிடைக்கின்றன.

ஸ்பானிஷ் ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி. 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு மொழிகளுள் ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதன் ஒலி இப்போது புதிதல்ல. மெஸ்ஸியின் பேட்டியையும் நடாலின் பேட்டியையும் கைபேசியில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் படிக்கத் தொடங்குகிறவர் கையில் நாம் கொடுப்பது என்ன? முதல் பாடத்தில் வணக்கமும் நன்றியும், இரண்டாவதில் நிறங்கள், மூன்றாவதில் பழங்களின் பெயர்கள், நான்காவதில் வினைச்சொல் அட்டவணை. வணக்கம் சொல்லி முடித்ததும் பேச்சு தீர்ந்துபோகிறது. ‘ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது’ என்று யாரும் யாரிடமும் சொல்லப் போவதில்லை. மூன்று மாதம் படித்த பிறகும் ஒருவரைப் பார்த்து ‘நாளைக்கு ஆறு மணிக்கு வரீங்களா?’ என்று கேட்க வாய் வராத படிப்பு அது.

ஸ்பானிஷின் உடன்பிறப்பான போர்த்துக்கீசியம் நம் கடற்கரைத் தெருக்களில் புழங்கிய மொழி என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நாகப்பட்டினத்தில் குடியேறினார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். ஆட்சி போனது, மொழி போகவில்லை. வந்த டச்சுக்காரர்களும், தரங்கம்பாடியில் 1620இலேயே கோட்டை கட்டியிருந்த டேனியர்களும் உள்ளூராருடன் பேச அந்த மொழியையே கையாண்டார்கள். தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் வழிபாடு நடந்தது. இந்த மொழியைப் பேசிய சமையல்காரர், படகோட்டி, துபாஷி, கணக்குப்பிள்ளை இவர்களில் யாரும் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்கள் அல்லர். எப்போது வருவாய், எவ்வளவு தருவாய், நாளைக்குக் கப்பல் வருமா என்று பேசிப் பேசியே கற்றார்கள். மேசையும் சாவியும் ஜன்னலும் நம் வீட்டுச் சொற்களானது அந்த வழியாகத்தான். ஐபீரிய நாட்டு மொழி ஒன்று நம் வாயில் நுழையாது என்று நினைக்கிற தயக்கத்துக்கு இந்த வரலாறு போதுமான பதில்.

எதிர்த்திசையில் நடந்த கல்வி இன்னும் தெளிவான சான்று. லுத்தரன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் போதகர் சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அகராதி கிடையாது, ஆசிரியர் கிடையாது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். டேனிய வணிகக் கழகத்தில் துபாஷியாக இருந்த அழகப்பன் அவருக்குப் பேச்சுத் துணையானார். மிஷன் பதிவுகளில் ‘அலெப்பா’ என்று வருபவர் இவர்தான்; போர்த்துக்கீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசியவர். பிற்காலக் கடிதம் ஒன்றில் சீகன்பால்க் தம் அன்றாட ஒழுங்கை விவரிக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை, தாம் குறித்துவைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்ப ஓதுவது. எட்டு முதல் நண்பகல் வரை ஒரு முதிய புலவரையும் எழுத்தர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சுவடிகளைப் படித்து, புதிய சொற்களைக் குறித்துக்கொள்ளச் செய்வது. தாம் பேச்சில் பின்பற்றத் தக்க நடையுடைய ஆசிரியர்களையே விரும்பிப் படித்ததாகவும் எழுதுகிறார். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர் குறித்துவைத்தது தனிச்சொற்களை மட்டுமன்று, சொற்றொடர்களையும்தான். நாளின் முதல் மணி நேரத்தை அவற்றுக்குக் கொடுத்தார். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது 1716இல்; அதாவது தமிழ் மண்ணில் கால் வைத்துப் பத்து ஆண்டு கழித்து. முதலில் பேச்சு, பிறகு நூல், அதன் பிறகு இலக்கணம். இந்த வரிசையை நம் வகுப்பறைகள் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன.

இனி ஸ்பானிஷுக்கு வருவோம். ‘நடக்கப் போகிறேன்’ என்பதற்கு அந்த மொழியில் ‘போய் ஆ காமினார்’ என்பார்கள். ‘காமினார்’ என்றால் நடத்தல். ‘போய்’ என்பது அவர்கள் மொழியில் ‘போகிறேன்’; முதல் எழுத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ‘போய்’ போலவே காதில் விழுவது தற்செயல், உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நினைவில் வைக்கத் தோதானது. ஒலியை விட முக்கியம் அமைப்பு. எதிர்காலத்தைச் சொல்ல அவர்களும் ‘போ’ என்னும் வினையைத் துணையாகக் கூப்பிடுகிறார்கள், நாமும் கூப்பிடுகிறோம். ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. நம் ‘போகிறேன்’, ‘போகிறாய்’ போல வினை முடிவே ஆளைக் காட்டிவிடும். ‘எனக்கு நடக்கப் பிடிக்கும்’ என்பது ‘மே குஸ்தா காமினார்’. பிடிப்பது எனக்கு, எழுவாய் நான் அல்லேன். ‘எனக்கு முழங்கால் வலிக்கிறது’ என்பது ‘மே துவேலே லா ரொதீயா’. இங்கும் அதே நான்காம் வேற்றுமை அமைப்பு. ஆங்கில வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களில் வாரக்கணக்காகத் தடுமாறுவது உண்டு. ‘நான் விரும்புகிறேன்’ என்ற அச்சில் வார்க்கப்பட்ட மனம் அவர்களுடையது. தமிழனுக்கு அந்தத் தடுமாற்றம் வர வேண்டிய அவசியமே இல்லை. வருகிறதென்றால், தமிழிலிருந்து நேரே போகாமல் ஆங்கிலத்தைச் சுற்றிப் போகிறான் என்று பொருள். மரியாதை வேறுபாடும் அப்படியே. நண்பனை நடக்க அழைத்தால் ‘கியெரெஸ்’, பெரியவரை அழைத்தால் ‘கியெரே’. நீ, நீங்கள் என்று பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

ஒற்றுமைகளை மட்டும் அடுக்கிவிட்டுப் போனால் அது வக்கீல் வாதமாகிவிடும். வேற்றுமைகள் உண்டு, சில கடுமையானவை. ‘நாளைக் காலை ஆறு மணிக்கு நண்பனோடு ஆற்றங்கரையில் நடக்கப் போகிறேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ்காரர் நம் வால் பகுதியிலிருந்து தொடங்குவார்: போகிறேன், நடக்க, நாளை, ஆறு மணிக்கு, நண்பனோடு, ஆற்றங்கரையில். நாம் வினையைக் கடைசிவரை கையில் பிடித்து வைத்திருப்போம். அவர் முதலில் அதைப் போட்டுவிட்டு மற்றவற்றைப் பின்னால் கோப்பார். இதை அறிவால் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். வாய் புரிந்துகொள்ளப் பல நாள் ஆகும். அடுத்தது பால் வேறுபாடு. ‘களைப்பாக இருக்கிறேன்’ என்று ஆண் சொன்னால் ‘கன்சாதோ’, பெண் சொன்னால் ‘கன்சாதா’. பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பால் உண்டு. முழங்கால் பெண்பால், பாதம் ஆண்பால். காரணம் கேட்டுப் பயனில்லை. ஒலியில் நமக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. அவர்களுடைய வல்லெழுத்துகளில் ஆங்கிலத்தில் போல மூச்சு சேராது. ‘பகல்’ என்னும்போது நடுவிலுள்ள ககரத்தை நாம் தளர்த்திச் சொல்வது போல, உயிர்களுக்கு நடுவே வரும் சில எழுத்துகளை அவர்களும் தளர்த்துவார்கள்.

இப்போது முதல் ஆட்சேபம். ‘வாக்கியங்களை மனப்பாடம் செய்வது கிளிப்பிள்ளைப் படிப்பல்லவா?’ தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த ஆட்சேபத்தின் வலு மற்ற எவரையும் விட நன்றாகத் தெரியும். தியாகராஜர் (1767–1847) வாழ்ந்து பாடிய திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனை நாளில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். தெலுங்கில் ஒரு சொல் பிசகாது. பலருக்குப் பொருளும் தெரியும். ஆனால் அவர்களில் பெரும்பாலோரை விஜயவாடாப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டால், அடுத்த வண்டி எப்போது என்று தெலுங்கில் கேட்கத் தயங்குவார்கள். எத்தனை ஆண்டு ஓதினாலும் ஓதியது பேச்சாகவில்லை. ஆகவே மனப்பாடம் மொழியைத் தராது என்பதற்கு நம் ஊரே சாட்சி. இதை நான் மறுக்கவில்லை. என் வாதமே இங்கிருந்துதான் புறப்படுகிறது. கீர்த்தனை மாற்றக் கூடாதது. ஒரு சொல்லை மாற்றினால் அது பிழை, இன்னும் சொன்னால் அபசாரம். அதன் மேன்மையே அதில்தான். காலை நடைத் திட்டம் அப்படிப்பட்டதல்ல. ‘நாளை நடக்கப் போகிறேன்’ என்று இன்று சொன்னவர் மறுநாள் மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நடந்தேன், நடக்கவில்லை, நடக்கலாமென்றிருந்தேன் ஆனால் மழை வந்துவிட்டது. மூன்றாவது வாக்கியம் ஸ்பானிஷில் ‘இபா ஆ காமினார், பெரோ யொபியோ’. நேற்றைய ‘போய்’ இன்று ‘இபா’ ஆகிவிட்டது. இந்த மாற்றத்தை அட்டவணையில் படித்தவர் மறப்பார். நேற்றுத் தாம் சொன்ன வாக்கியம் பொய்த்துப்போனதால் அதைத் திருத்திச் சொன்னவர் எளிதில் மறக்க மாட்டார்.

‘மழை பெய்யாவிட்டால்’ என்பதற்கு அவர்கள் ‘சி நோ யுவேபே’ என்பார்கள். இந்த ஒரு தொடர் டெல்டாக்காரருக்கு எவ்வளவு இயல்பானது என்று யோசியுங்கள். இங்கே திட்டமென்றால் அது நிபந்தனையோடுதான் பிறக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாற்று விடணும். திறக்காவிட்டால் சம்பாவை நேரடி விதைப்பாகப் போட்டுவிடலாம். ஐப்பசி மழை முன்னால் வந்துவிட்டால் அறுவடை இயந்திரம் வயலில் இறங்காது. ‘வந்தால்’, ‘வராவிட்டால்’, ‘செய்யணும்’, ‘செய்யலாம்’ இவற்றை வைத்தே ஒரு விவசாயி நாள் முழுக்கப் பேசுகிறார். ஸ்பானிஷில் இதற்கெல்லாம் வேண்டிய கருவிகள் சிலவே. ‘தெங்கோ கே’ என்றால் செய்தாக வேண்டும். ‘கியெரோ’ என்றால் செய்ய விரும்புகிறேன். ‘புவேதோ’ என்றால் என்னால் முடியும். முன்னால் ‘நோ’ சேர்த்தால் முடியாது. இவற்றோடு ‘போய் ஆ’, ‘சி’ இரண்டும் சேர்ந்தால் ஐந்து. நடை, ஓட்டம், நீச்சல் என்று ஏழெட்டு வினைகளும், கிழமைகளும், மணியும் தெரிந்தால் போதும். ஒரு மனிதர் தம் வாரம் முழுவதையும் விவரித்துவிடலாம். புத்தகத்தில் வெவ்வேறு பாடங்களில் சிதறிக் கிடக்கும் இலக்கணம் இங்கே ஒரே பேச்சில் வந்து சேர்கிறது.

விவசாயத் திட்டம் இருக்க, உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். சமையல் திட்டம் கூடாதா? தாராளமாகக் கூடும். உடற்பயிற்சியை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், சொல்லும் செயலும் அங்கே ஒரே உடம்பில், ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இந்தத் தொடர்பை ஆராய்ந்தார். அயல்மொழிக் கட்டளையைக் கேட்டு உடனே எழுந்து, நடந்து, உட்கார்ந்து கற்றவர்கள், அசையாமல் உட்கார்ந்து கற்றவர்களை விட நன்றாக நினைவில் வைத்திருந்ததைக் காட்டினார். உட்கார்ந்தபடி எத்தனை முறை ‘காமினார்’ என்று எழுதினாலும் அது எழுத்துதான். கால் நடந்துகொண்டிருக்கும்போது சொன்னால் பொருள் காலிலேயே இருக்கிறது. இன்னொரு காரணம் இடைவெளி. ஹெர்மான் எப்பிங்ஹாவுஸ் 1885இல் மறதியைப் பற்றி எழுதிய நூலிலிருந்தே தெரிந்த உண்மை, ஒரே மூச்சில் படிப்பதை விட நாள் விட்டு நாள் திரும்பப் படிப்பது தங்கும் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. அதை யாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக முடித்துவிடுவதில்லை. வாரத்துக்கு ஐந்து நாளாகப் பிரிக்கிறார்கள். மொழிக்கு வேண்டிய இடைவெளியும் அதுவே. இரண்டு காரியத்துக்கும் ஒரே கால அட்டவணை போதும்.

‘நாற்றங்காலிலும் நடவிலும் குனிந்து நிமிர்கிற ஊரில் உடற்பயிற்சி பற்றிப் பேசுவது பட்டணத்து ஆடம்பரம்’ என்பது இன்னோர் ஆட்சேபம். ஒரு தலைமுறைக்கு முன் இது முழு உண்மையாக இருந்திருக்கும். இன்று நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது, அறுவடைக்கு வந்து வெகுநாளாயிற்று, வரப்பில் நடந்தவர் இருசக்கர வாகனத்தில் போகிறார். சோறு மட்டும் அதே அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையிலும் அன்னை சத்யா விளையாட்டரங்கிலும் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்த்தவர்கள் இதை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். நாள் முழுக்க நடவு நடுகிற பெண்ணுக்கு உடற்பயிற்சி தேவையில்லை, ஓய்வுதான் தேவை. அவருக்கு நான் பாடம் சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய மகள் கல்லூரியிலும் கணினி முன்னாலும் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு ஏன் ஸ்பானிஷ்? சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிற மாவட்டங்கள் இவை. மலாயும் அரபும் அல்லவா உதவும் என்று கேட்டால், ஆம், அவை உதவும். ஸ்பானிஷ் படித்தால் வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பவேண்டாம். ஆனால் நான் சொன்ன முறை ஸ்பானிஷுக்கு மட்டும் உரியதல்ல. மலாயில் ‘நாளை நடக்கப் போகிறேன்’ என்பதிலிருந்து தொடங்குங்கள், அரபில் தொடங்குங்கள். ஸ்பானிஷை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது நமக்கு எட்டாதது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, தமிழின் அமைப்போ அதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது.

மிஞ்சியிருப்பது இலக்கண ஆசிரியர்களின் ஆட்சேபம், எல்லாவற்றிலும் கனமானது. இலக்கணமில்லாமல் பேசத் தொடங்கினால் பிழை வாயில் ஊறிவிடும், பிறகு திருத்த முடியாது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. துறைமுகப் போர்த்துக்கீசியம் அப்படித்தான் வினைமுடிவுகளையெல்லாம் உதிர்த்துக்கொண்டு வேறொரு மொழியாகவே ஆனது. அதனால்தான் இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அதன் இடத்தை மாற்றுங்கள் என்கிறேன். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரை நினைத்துக்கொள்ளுங்கள். செந்தமிழில் காப்பியம் பாடும் அளவுக்குக் கற்ற அந்த இத்தாலியர், பேச்சுத் தமிழுக்கென்று, கொடுந்தமிழுக்கென்று, தனி இலக்கணம் எழுதினார். 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அது வெளிவந்தது. கத்தோலிக்கத் துறவி எழுதியதை லுத்தரன் சபையார் அச்சிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது அவ்வளவு தேவைப்பட்டது. அன்றாடப் பேச்சும் ஒழுங்குடையது, அந்த ஒழுங்கைத் தனியே படித்தாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ‘இபா’ ஏன் வந்தது, ‘கன்சாதா’ ஏன் மாறியது என்று கற்பவரே கேட்கத் தொடங்கும் நாளில் இலக்கணத்தைக் கொடுங்கள். கேள்வி எழுந்த பிறகு வரும் விதி நிற்கும். கேள்விக்கு முன் வரும் விதி தேர்வுத்தாளோடு போய்விடும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒரு துணையைப் பிடியுங்கள். தனியாக இதைச் செய்ய முடியாது. முதல் வாரம் மூன்று வாக்கியம் போதும்: நாளை நடக்கப் போகிறேன், என்னோடு வருகிறாயா, இன்று முடியாது. உச்சரிப்புக்கு, தாய்மொழியாகப் பேசுகிறவரின் குரல் பதிவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ் எழுத்தில் சொன்ன ஒலிகள் தோராயமானவை. மறுநாள் என்ன நடந்ததோ அதை உள்ளபடி சொல்லுங்கள். போகவில்லையென்றால் போகவில்லை என்பதையும் ஸ்பானிஷிலேயே சொல்லுங்கள்; சாக்குச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மொழியில் பாதி தெரியும். இலக்கணப் புத்தகத்தை இரண்டாவது மாதம் வாங்கிக்கொள்ளலாம்.